இரண்டு ஷிப்டு தூரம்

மஞ்சள் விமானம் நகர்கிறதா, என் கண்தான் நகர்கிறதா என்று தெரியவில்லை. அரக்கோணத்தில் ரயில் நின்றபோது அது ஓமன் கரைக்குப் பக்கத்தில் கடல்மேல் இருந்தது. ரயில் கிளம்பி ஒரு செங்கல் சூளையும் ஒரு முருங்கைத் தோட்டமும் பின்னால் போய்விட்டன, கைப்பேசித் திரையில் அது இன்னும் அங்கேயே இருக்கிறது. நெட்வொர்க் இல்லை, அதனால் நிற்கிறது, விமானம் எப்படி நிற்கும், நின்றால் விழுந்துவிடும், விழவில்லை, நெட்வொர்க்தான். நகக்கண் அளவுகூட இல்லாத அந்த மஞ்சளுக்குள் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், இருபத்தேழாவது வரிசை, நடு இருக்கை. எட்டே முக்காலுக்குத் தோஹாவில் இறங்குவாள். பத்தே முக்காலுக்கு அங்கிருந்து டொராண்டோ விமானம். நடுவில் இரண்டு மணி நேரம், அந்த இரண்டு மணி நேரம்தான். அதற்குள் இறங்கி, பையைச் சோதனைக்குக் கொடுத்து வாங்கி, சரியான வாசலைக் கண்டுபிடித்து அடுத்ததில் ஏற வேண்டும். தனியாக. ஆம்பூரிலிருந்து வேலூருக்கும் திருப்பதிக்கும் தவிர எங்கும் போகாத அமுலு, இங்கிலீஷ் தெரியாத அமுலு, தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிக்கிற அமுலு, கையிலிருக்கிற போன் சென்னையோடு செத்துப்போய்விட்ட அமுலு. தவறவிட்டால் அடுத்தது நாளைக்குத்தான். நாளை வரைக்கும் எந்த நாற்காலியில், யாரிடம் என்ன கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டொராண்டோவில் அக்காவுக்கு வெள்ளிக்கிழமை காலை பிரசவ ஆபரேஷன், குழந்தையின் தலை திரும்பவில்லை என்று தேதி குறித்துவிட்டார்கள். இன்றைக்குப் புதன்.

ஆனால் காகிதம் இருக்கிறது. நான்கு பக்கம், கோடு போட்ட காகிதம், ஒரு வரி விட்டு ஒரு வரி, பெரிய எழுத்தில். விமானம் நின்றதும் எழாதே, எல்லோரும் எழுந்த பிறகு எழு. பச்சைப் பையை எடு. கதவுக்கு வெளியே சீருடையில் நிற்கிறவரிடம் இந்தச் சீட்டைக் காட்டு, வாயால் எதுவும் கேட்காதே, காட்டினால் போதும். இப்படி இருபத்து மூன்று. நேரம் எல்லாவற்றையும் நம் ஊர் நேரத்தில்தான் எழுதினேன். அம்மாவின் கைக்கடிகாரம் நம் ஊர் நேரத்தில்தானே ஓடும், அதை மாற்றச் சொல்லிக் குழப்புவானேன் என்று. தோஹாவின் ஏழே காலை ஒன்பதே முக்கால் என்று எழுதினேன், உன் கையில் ஒன்பதே முக்கால் காட்டும்போது நீ வாசலில் இருக்க வேண்டும் என்று கீழே கோடு போட்டேன். எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது, அதை மறைப்பதில் பயன் இல்லை, வந்தது. இப்போது, ரயில் சோளிங்கரை நெருங்கும்போது, மனசுக்குள் ஒருவர் வருகிறார். நான் பார்த்திராத ஒருவர், அம்மாவுக்குப் பக்கத்து இருக்கைக்காரர், நல்லவர். விமானம் தரை தொட்டதும் தன் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்கிறார், பிறகு அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, குடுங்கம்மா நானே வச்சுத் தர்றேன் என்கிறார். இரண்டரை மணி நேரம் பின்னால். அம்மா நன்றியோடு கட்டிக்கொள்கிறாள். இனி அந்தக் கடிகாரத்தில் ஒன்பதே முக்கால் ஆகும்போது விமானம் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். அம்மா அவசரப்படவே மாட்டாள். காகிதத்தைப் பார்ப்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், இன்னும் நேரம் கிடக்கு என்று பையை மடியில் வைத்துக்கொள்வாள். என் மகன் எழுதியிருக்கான். யாரும் கடிகாரத்தைத் தொடக் கூடாது என்று இருபத்து நான்காவதாக ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒரு வரி. இடம்கூட இருந்தது, நான்காவது பக்கத்தில் பாதி காலி.

சோளிங்கரில் ஒரு நிமிஷம் நெட்வொர்க் வந்தது. விமானம் குதித்துப் போய்த் தோஹாவின்மேல் நின்றது, பிறகு காணாமல் போனது, இறங்கியது என்று எழுத்து வந்தது. எட்டு நாற்பத்தொன்று. நான்கு நிமிஷம் முன்னதாக. நல்லதுதான், நான்கு நிமிஷம் கூட. இனிமேல் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. வானத்தில் இருந்தவரை எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டிருந்தது, தரைக்கு வந்ததும் தெரியாமல் போய்விட்டது. விமானத்தைப் படம் போட்டுக் காட்டுகிறார்கள், அதிலிருந்து இறங்கி நடக்கிற ஒருத்தியைக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நானும் விமானத்தில் போனதில்லை. விமான நிலையத்துக்குள்ளேயே போனதில்லை, இன்று விடியற்காலை அந்தக் கண்ணாடிக் கதவு வரைக்கும்தான், அதற்கு அப்பால் துப்பாக்கிக்காரர் விடவில்லை. அந்த நான்கு பக்கமும் மற்றவர்கள் எடுத்துப் போட்ட வீடியோக்களைப் பார்த்து எழுதியது. டிக்கெட் வந்த அன்று இரண்டு நகரத்தின் பெயரைப் போட்டால் தூரம் சொல்கிற ஒரு பக்கத்தைத் திறந்து அம்மாவுக்கு வாசித்தேன், சென்னையிலிருந்து டொராண்டோ பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், நேர்க்கோட்டில். "நேர்க்கோட்டுலன்னா?" என்றாள். நேராகப் போனால், வளையாமல். "யாருடா வளையாம போறாங்க." நேராகப் பறந்தால் பதினாறு மணி நேரம் சில்லறை என்று வாசித்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, "பதினாறுன்னா ரெண்டு ஷிப்டு" என்றாள், "ஒரு ஷிப்டு முடிச்சு அப்படியே ஓவர்டைம் உக்காந்த மாதிரி. அவ்ளோதானே." பத்தொன்பது வருஷமாக ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிறவள், அவளுக்கு நேரம் என்பது ஷிப்டு. நடுவில் இறங்கி மாற வேண்டும், மொத்தம் இருபது மணி நேரத்துக்குமேல் ஆகும் என்றேன். அரிசித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றப் போய்விட்டாள். அவள் பயந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பயப்படாதவர்களுக்காகப் பயப்படுவதில்தான் எவ்வளவு வேலை.

எதிர் சீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பெரம்பூரிலிருந்து தூங்கிக்கொண்டு வந்தார், வாலாஜாவில் டீக்காரர் குரலுக்கு எழுந்து, ஒரு கப் வாங்கி, ஊதி, என் கையைப் பார்த்தார். "இன்னா தம்பி, ஷேர் மார்க்கெட்டா? சென்ட்ரல்ல ஏறினதுலேர்ந்து அதையே முறைச்சுக்கினு வர்றே." இல்லைண்ணே, எங்க அம்மா என்றேன். ஒரு நிமிஷம் திரையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், அப்போது திரையில் விளம்பரத்துக்கு ஒரு சமையல் எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா, தோஹா, பத்தே முக்கால், கேட்காததையும். "ஓ, பிரசவத்துக்குப் போறாங்களா," என்று கால் மேல் கால் போட்டுக்கொண்டார், "என் மச்சினிச்சியோட மாமியாரு போன வருசம் அமெரிக்கா போச்சு. ஒண்ணும் பயம் இல்ல. வீல்சேர் போட்டுட்டீங்க இல்ல?" நான் வெளியே பார்த்தேன். "அதான தம்பி முக்கியம். டிக்கெட் போடறப்பவே சொல்லிட்டா ஒரு ஆளு வந்து இந்த வாசல்லேர்ந்து அந்த வாசலுக்குத் தள்ளிக்கினு போய் ஏத்தி வுட்டுடுவான். பைசா கிடையாது. அந்த அம்மா வருசா வருசம் கிரிவலம் நடந்தே சுத்தும், அங்க போய் நொண்டி மாதிரி உக்காந்துக்குச்சாம். இங்கிலீஷ் தெரியாதவங்களுக்கு அதாம்பா வழி, நம்ம சனம் மொத்தமும் அப்படித்தான் போவுது." எங்க அம்மா வேணாம்னு சொல்லிடுச்சுண்ணே, என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்து, கப்பை நசுக்கி, "பிடிவாதக்காரி போல," என்று சிரித்தார். ஆமாம் என்று நானும் சிரித்தேன்.

இரண்டாவது முறை. அக்காவிடம் ஒருமுறை, இவரிடம் ஒருமுறை. ஒரே வாக்கியம், இரண்டாவது முறை சொல்லும்போது வாய்க்கு எவ்வளவு பழகியதாக இருக்கிறது. அம்மா வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நான் அவளைக் கேட்கவே இல்லை. அக்கா வீட்டுக்காரர், மாமா, டிக்கெட் எடுத்து அனுப்பிய அன்று, உணவு, இருக்கை, உதவி எல்லாம் நீயே போட்டுவிடு யுவா என்று என்னிடம் விட்டார், நான்தானே படித்தவன். உதவி என்ற இடத்தில் மூன்று கட்டம் இருந்தது. பயணியால் நீண்ட தூரம் நடக்க முடியாது. பயணியால் படி ஏற முடியாது. பயணியால் நடக்கவே முடியாது. மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். அம்மா கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டால் மூன்று கிலோமீட்டர் நடந்து போகிறவள், மூன்றும் பொய். அதனால்தான் தொடவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன், எனக்குள். நான் அப்படிப்பட்டவன் என்பதற்கு என்னிடம் ஆதாரமும் உண்டு. காலேஜ் சேரும்போது முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் நின்றோம். வீட்டில் யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டார்கள், இல்லை என்று அம்மா சொன்னாள், சரி என்று எழுதப் போனார்கள், நான் குறுக்கே போய், அக்கா நர்ஸிங் டிப்ளமோ படித்திருக்கிறாள் சார், அது பட்டத்தில் சேருமா சேராதா என்று கேட்டேன். அதற்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஒரு கையெழுத்து, மூன்று வாரம் போனது, அம்மாவுக்கு நான்கு லீவு. வெளியே வந்து வெயிலில் நின்று, "கேக்காததை எதுக்குடா சொன்னே," என்றாள், திட்டவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் கேட்டாள். அப்படிப்பட்டவன் அக்காவிடம் மட்டும் எப்படிப் பொய் சொன்னான். வீல்சேர் போட்டியாடா என்று அவள் கேட்டபோது, போடவில்லை, அது பொய்யாகிவிடும் என்று சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் அவள் திட்டியிருப்பாள், திட்டிவிட்டு அவளே போட்டிருப்பாள். அதுதான். அவள் போட்டுவிடக் கூடாது. அப்போது காகிதத்தின் மூன்றாவது பக்கத்தில் இருந்தேன். அம்மாவை யாரோ தள்ளிக்கொண்டு போனால் என் இருபத்து மூன்று வரிக்கு என்ன வேலை. நான் எழுதியதைப் படித்துப் படித்து அம்மா ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அக்கா வீட்டில் இறங்கி, யுவா எழுதிக் கொடுத்தான், அதை வச்சே வந்துட்டேன் என்று சொல்ல வேண்டும். நேர்மை இல்லை, இதுதான். மூன்று வருஷம் பி.காம் படித்து, ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு மாசம் உட்கார்ந்து, இதுவரைக்கும் வீட்டில் யாருக்கும் என் படிப்பால் ஒரு காரியமும் ஆகவில்லை. இதிலாவது ஆகட்டும் என்று அம்மாவை வைத்து எழுதிப் பார்த்திருக்கிறேன்.

காட்பாடியில் ரயில் அதிக நேரம் நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் இறங்கும்போது என் தோளில் தட்டி, "போய்ச் சேர்ந்துடும் தம்பி, மூஞ்சியைக் கழுவிக்கோ," என்றார். கழுவவில்லை. ஒன்பது முப்பத்தெட்டு. கழிப்பறைக்குப் போயிருப்பாளா, அங்கே தாழ்ப்பாள் எப்படி இருக்குமோ, தண்ணீர்க் குழாய் கையை நீட்டினால்தான் வருமாம், அதை எழுதியிருந்தேன், பதினான்காவது. மேலே கொண்டுபோகிற படி தானாக ஓடும், அதில் சேலை மாட்டும், சுடிதார் போடு என்றதற்கு மாட்டேன் என்றாள், அது மட்டும் அவளே நிஜமாகச் சொன்ன மாட்டேன். ஒன்பது நாற்பத்தைந்து. இப்போது வாசலில் இருக்க வேண்டும். எந்த வாசல் என்று கைப்பேசியில் பார்த்தேன், காலையில் ஒரு எண் இருந்தது, இப்போது வேறு எண் இருக்கிறது, மாற்றியிருக்கிறார்கள். அம்மாவின் சீட்டில் பழைய எண்தான் அச்சாகியிருக்கும். மாற்றினால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த வரியிலும் இல்லை. பழைய எண்ணுக்குக் கீழே ஒரு நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், பச்சைப் பை மடியில், எதிரே விமானம் இல்லாத கண்ணாடி, சுற்றிலும் யாரும் இல்லை, அவள் மட்டும் நான் எழுதியபடி சரியாக உட்கார்ந்திருக்கிறாள். தவறே செய்யாமல் தவறவிடுகிறாள். அக்காவிடம் என்ன சொல்வேன். அம்மாதான் வேண்டாம் என்றாள் என்று மூன்றாவது முறையும் சொல்வேனா. சொல்வேன் போலிருக்கிறது. அதுதான் ரயில் இரும்புப் பாலத்தில் தடதடவென்று போகும்போது எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது, அம்மா தொலைந்தால்கூடப் பழியை அவள் பெயரில் எழுத எனக்கு ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது என்பது.

குடியாத்தம் தாண்டிப் பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது, முன்னால் கூட்டல் குறி போட்ட எண். "டேய் யுவா, நான்தான். கேக்குதா?" பின்னால் பெரிய மண்டபத்தின் இரைச்சல், மணி போல ஏதோ ஒலி. எங்கேம்மா இருக்கே என்று எழுந்து நின்றுவிட்டேன், மேல் பர்த்தில் தலை இடித்தது. "ஏறுற எடத்துலதான். இது திண்டிவனத்து அம்மா போனு, அவங்களும் டொராண்டோதான், அவங்க பொண்ணுக்கும் இதே மாசம். அதிகம் பேசக் கூடாது, அவங்களுக்குக் காசு போவும்." எந்த வாசல், மாத்திட்டாங்களே. "அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும், தள்ளிக்கினு வந்தாங்க, உக்காந்துக்கினு வந்தேன்." என்ன? "வண்டிடா. சக்கர நாற்காலி. பிளேன் கதவுகிட்ட இறங்கினா வரிசையா நிக்குது, நம்ம பொம்பளைங்களா உக்காந்துக்கினு இருக்காங்க. திண்டிவனத்து அம்மா, நீயும் உக்காருன்னுச்சு. முட்டியைப் புடிச்சுக்கினு காமிச்சேன். வண்டி தள்ற பொண்ணு பாவம், நேபாளமாம், கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு கொண்டாந்துச்சு. ராணி மாதிரி வந்தேன், போ." அம்மா சிரித்தாள், பக்கத்தில் இன்னொரு சிரிப்பும் கேட்டது. காகிதம்மா, என்றேன், அதை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, அந்தக் காகிதம். "அதுவா. பத்திரமா இருக்கட்டும்னு பெரிய பெட்டில வச்சேன். அந்தப் பெட்டியைத்தான் சென்னையிலயே வாங்கிக்கினாங்களே. அங்க போய்ப் படிக்கிறேன்." பல்லி மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்து மூன்று வரியும் சரக்கோடு சரக்காக விமானத்தின் வயிற்றில் கிடந்திருக்கிறது, நான் இங்கே கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். "டேய், இருக்கியா? இப்படி ஒரு வண்டி இருக்குன்னு நீ ஏன்டா எனக்குச் சொல்லவே இல்ல? திண்டிவனத்து அம்மா வீட்டுல ஒரு மாசம் முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாங்களாம்." தாலுகா ஆபீஸ் வாசலில் கேட்ட அதே மாதிரிதான் கேட்டாள், திட்டாமல். தெரியாதும்மா என்று சொன்னால் முடிந்துவிடும். தெரியாது என்பது வாயில் வந்து நின்றது. "சரி, கூப்பிடறாங்க, வைக்கிறேன். வூட்டுக்குப் போய்த் தூங்கு." வைத்துவிட்டாள்.

உட்கார்ந்தேன். ஏறிவிடுவாள், ஏறிவிட்டாள் என்றே வைத்துக்கொள்ளலாம், அந்த நேபாளப் பெண் இருக்கை வரைக்கும் கொண்டுபோய் விடுவாள். மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த கல் எங்கே என்று தேடிப் பார்த்தேன், இல்லை, ஆனால் அது இருந்த இடம் அப்படியே இருந்தது. இனி பதினான்கு மணி நேரம் அம்மா யாரோடும் பேச முடியாது. பிறகு இறங்குவாள், அங்கேயும் ஒரு நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்து நிற்பாள், நாற்காலியைப் பார்ப்பாள், நீதானேம்மா வேண்டாம்னு சொன்னே என்பாள். நானா, எப்போ, என்பாள் அம்மா. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதோடு சரி, யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள், எனக்குத் தெரியும், பச்சை உடம்புக்காரியும் பேரப்பிள்ளையும் வெந்நீரும் என்று நாள் போய்விடும், அவர்கள் இருவருக்கும் தெரிந்த ஒன்றாக அது அந்த வீட்டில் இருக்கும், நான் போனில் பேசும்போதெல்லாம் அதற்கு மேலாகப் பேசுவார்கள். பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நடக்கப்போகிற அது இன்னும் நடக்கவில்லை. பதினான்கு மணி நேரம் இருக்கிறது. பச்சகுப்பத்தில் ரயில் மெதுவாகி, நிற்காமல் போனது. டொராண்டோவில் இரவு ஒரு மணிக்குப் பக்கம். எத்தனை மணியானாலும் கூப்பிடு, எனக்கு ஏது தூக்கம் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுக்கா. இப்பத்தான் பேசுச்சு."

அக்கா மூச்சு விடுவது கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது, எழுந்து உட்கார்கிறாள் போல. "எப்படிடா அந்த வாசலைக் கண்டுபிடிச்சுது? மாத்திட்டாங்கன்னு இவர் இப்பத்தான் சொன்னாரு. சும்மா வந்துச்சா, யாராவது கூட்டினு வந்தாங்களா? ஒரு வண்டில உக்காருன்னா கேக்கல பாரு, வரட்டும், வந்ததும் இருக்கு அதுக்கு."

"வண்டிலதான் வந்துச்சு."

"என்னது?"

வெளியே தோல் ஷெட்டுகள் வர ஆரம்பித்திருந்தன, அந்த வாசனையும். ஆம்பூரில் இறங்குகிறவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனார்கள். நான் எழவில்லை.

"அக்கா, அம்மா வேணாம்னு சொல்லல. நான் கேக்கவே இல்ல."